கிழியாத சட்டை

கொலையுண்டவனின் பெண்சாதி இன்னும் துக்கத்துக்குக் கறுப்பு உடுக்கவில்லை என்பதுதான் அந்தக் கிழமை கொட்டாஞ்சேனை முழுவதும் பேச்சு. கொலையைப் பற்றிக்கூடச் சனம் அவ்வளவு பேசவில்லை.

அந்தச் செய்தி எனக்கு வெள்ளவத்தையில், காலி வீதி மருந்துக்கடைக்கு மேலே உள்ள எங்கள் துப்பறியும் கந்தோரில், இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டிருந்த நேரம் வந்து சேர்ந்தது. சொதி ஆறிப்போனது. எந்த வழக்கிலும் முதல் பலி என் காலைச் சாப்பாடுதான். சென்ற வழக்கில் தோசை போனது.

எங்கள் கந்தோர் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கந்தோர் நிலாம் நானாவுடையது. பதினைந்து வருஷம் வழக்குப் பார்க்கும் ஒரு புறக்டரிடம் கிளாக்கராக இருந்து, கட்சிக்காரர் சொன்ன பொய்களை எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி, பொய்யின் மணம் அறிந்தவர். உலக யுத்தம் முடிந்த கையோடு அந்த மூக்கையே முதலாக வைத்துத் துப்பறியத் தொடங்கினார். நான் நாகேந்திரம், யாழ்ப்பாணத்தான். ரெயில்வே கந்தோரில் மேலதிகாரியைப் பற்றி ஒரு பகிடி விட்டேன். கந்தோர் முழுவதும் சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நான் நானாவின் உதவியாளன்.

வந்தவளின் பெயர் லுத்பியா. இருபத்திரண்டு வயது இருக்கும். முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய வாப்பா மீரா சாஹிப் கொட்டாஞ்சேனைச் சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டுத் திரும்பியவரைப் பொலிஸ் விலங்கு போட்டுக் கொண்டுபோய்விட்டது. ஓவியர் ஒஸ்வால்டைக் கொன்றாராம். நாளைக் காலை கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள்.

அவள் அழுது அழுது சொன்னதை நான் ஒழுங்காக அடுக்கித் தருகிறேன். கிறிஸ்தவர்களின் நோன்புக் காலமான தபசுகாலம் வந்தால் கொட்டாஞ்சேனையில் வேதக்காரர் இறைச்சியைக் குறைத்துக்கொள்வார்கள். மீரா சாஹிப் கடையை மத்தியானமே பூட்டிவிடுவார். ஒஸ்வால்ட் வேதாகமக் கதைகளைப் புதுமாதிரிப் படங்களாகக் கீறுகிறவர். சும்மா இருந்த இந்த மனிதரைக் கூப்பிட்டு, யாக்கோபுக்கு மாதிரியாக உட்காரச் சொன்னார். பேச்சு ஒன்றுதான்: கையை மட்டும் கீறலாம், முகம் படத்தில் வரக்கூடாது, அது மார்க்கத்துக்கு ஆகாது. ஆனால் முகம் வந்துவிட்டது. செய்தி பள்ளிவாசலுக்கும் போய்விட்டது. போன திங்கட்கிழமை மீரா சாஹிப் சந்தைக்கு நடுவில் நின்று, முகத்தை அழிக்காவிட்டால் நடப்பது வேறு என்று கத்தினார். புதன்கிழமை பின்னேரம் வீட்டை விட்டுப் போன ஒஸ்வால்ட் திரும்பவில்லை. வியாழன் விடியற்காலை அவருடைய இரத்தம் தோய்ந்த சட்டை அவர் வீட்டு வாசற்படியில் கிடந்தது.

கசாப்புக்காரர், கத்தி, இரத்தம், சந்தையில் போட்ட சத்தம். பொலிசுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"வாப்பா ஆட்ட அறுக்கக்குள்ளயும் பிஸ்மி சொல்லி, அதுக்குத் தண்ணி காட்டித்தான் அறுப்பாங்க நானா. மனிசன்ட மேல கைவெக்கிற ஆளில்ல," என்றாள் லுத்பியா. "நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனா இனி எங்களுக்கு வாப்பா இல்ல. அது எனக்குத் தெரியும்."

அவள் கையில் எங்கள் விலாசம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. கன்னியாஸ்திரி மடத்தில் பழகிய சாய்ந்த எழுத்து. யார் தந்தது என்று நானா கேட்டார். சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்றாள். நானா அந்தத் துண்டை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தொப்பியை எடுத்தார். நான் இடியப்பத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன்.

கடற்கரை ரெயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ரிக்‌ஷாவில் கொட்டாஞ்சேனை. இன்ஸ்பெக்டர் நானாவுக்குக் கோர்ட்டில் பழக்கமானவர். இருவரும் சிங்களத்தில் சுகம் விசாரித்தார்கள். பிறகு அவர் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

வெள்ளைச் சட்டை. இடது மார்பில் தொடங்கிய கறை அடிவரை இறங்கியிருந்தது. கறைக்கு நடுவில் மாங்கொட்டை அளவு ஓர் இடம் மட்டும் வெள்ளையாகத் தப்பியிருந்தது. ஐந்து பொத்தான் வெள்ளை, மேலிருந்து நாலாவது கறுப்பு. ஆறும் கழுத்துவரை பூட்டியபடி இருந்தன.

மார்பில் குத்தி, பிரேதத்தை முகத்துவாரத்தில் கடலில் தள்ளிவிட்டு, வீட்டுக்காரியைப் பயமுறுத்தச் சட்டையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறான் என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. மீரா சாஹிப்பின் கடையில் ஒரு தகரப் பேணி கிடைத்ததாம், அதற்குள் காய்ந்த இரத்தமாம். இறைச்சிக் கடையில் இரத்தம் கண்டுபிடித்த முதல் பொலிஸ்காரர் நீங்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நானா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

பெண்சாதி என்ன சொல்கிறாள் என்று நானா கேட்டார். சட்டை தன் புருஷனுடையதுதான் என்று அவள் ஒப்புக்கொண்டாளாம். ஆனால் அவர் சாகவில்லை என்கிறாளாம். கறுப்பு உடுக்க மாட்டேன் என்கிறாளாம். பாவம், இப்படி எத்தனையோ விதவைகளைத் தான் கண்டதாக இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். அவள் சொன்னதற்கு நேரே அதிர்ச்சி என்று குறித்து வைத்திருந்தார். ஒஸ்வால்டின் படங்களைப் பார்த்தீர்களா என்றதற்கு, கதவடியில் நின்று ஒரு பார்வை பார்த்ததாகவும் தன் இளைய மகள் அதைவிட வடிவாகக் கீறுவாள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் நானா ஒரு பீடி பற்றவைத்தார்.

"சின்ன வயசுல ஓதப்பள்ளியில லெப்பை சொல்லித் தந்த கத ஒண்டு ஈக்கி," என்றார். "யூசுப் நபியக் கூடப்பொறந்தவங்களே கெணத்துல போட்டுட்டு, சட்டைல பொய் ரத்தத்தப் பூசி வாப்பாக்குக் காட்டினாங்க. ஓநாய் திண்டுட்டுதாம். யாகூப் நபி சட்டைய விரிச்சுப் பாத்துட்டுச் சொன்னாங்களாம், எவ்வளவு நல்ல ஓநாய், புள்ளையத் திண்டிருக்கி, சட்டையக் கிழிக்கல்ல எண்டு."

மேசையில் கிடந்த சட்டை என் கண்ணுக்குள் வந்தது. குத்தின இடம் எங்கே? ஓட்டை எங்கே?

"எங்கட ஆள் அந்த ஓநாயிலும் நல்லவன் நானா," என்றேன். "குத்தி, கழட்டி, கழுத்துவரைக்கும் பொத்தானும் பூட்டி, வாசலிலயும் கொண்டுவந்து வைச்சிருக்கிறான். மடிச்சு வைக்க மட்டும்தான் மறந்திட்டான்."

"வாங்க. சட்ட எங்கேந்து வந்துதோ அங்க போவோம்."

ஒஸ்வால்டின் வீடு சந்தைக்குப் போகும் தெருவில், வீதியை ஒட்டிய ஓட்டு வீடு. கதவைத் திறந்தவள் பிறிஜெற், அவருடைய பெண்சாதி. நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை. கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் அவள் எங்களை நேராகப் பார்த்தாள். யார், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய், படங்கள் இருந்த பின்னறையைக் காட்டிவிட்டு, அவர் சாகவில்லை என்று ஒரே ஒரு வசனம் சொன்னாள். பாவம், மனம் ஏற்கவில்லை என்று நினைத்தேன்.

எனக்குப் படம் என்றால் கலண்டர்ப் படம்தான். அந்த அறையில் இருந்தவை வேறு. யோபுவைப் பார்த்தேன். துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கும் கூலியாள், உடம்பெல்லாம் கரியும் புண்ணும், கையில் ஓட்டுத் துண்டு. தலையைச் சுற்றி ஒளிவட்டம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஆகார். வேதாகமத்தில் அவள் வனாந்தரத்தில் தாகத்தால் சாகப்போகும் பிள்ளையைப் பார்க்க ஏலாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டவள். இந்தப் படத்தில் கூப்பன் அரிசிக் கியூவில் நிற்கிறாள். காலடியில் பிள்ளை கிடக்கிறது, அவள் சுவரைப் பார்க்கிறாள்.

எங்கள் மூத்தது காய்ச்சலில் போன அன்று என் பெண்சாதி அப்படித்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்த மனிதன் எனக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. துன்பம் அறிந்த கை இது என்று நினைத்தேன். அந்தக் கையை வெட்டிக் கடலில் போட்டவன் எவனாக இருந்தாலும் பிடித்தே தீருவது என்று மனதுக்குள் சத்தியம் செய்தேன். வாசகர் இந்தச் சத்தியத்தை ஞாபகம் வைத்திருக்கட்டும்.

நடுவில் பெரிய படம் யாக்கோபு, நானா சொன்ன அதே யாகூப் நபி. கொட்டாஞ்சேனை வீடு ஒன்றில் கதிரையில் ஒரு கிழவர். வாசலில் கோட் போட்ட பத்து மகன்மார், ஒருவனும் அவரைப் பார்க்கவில்லை. கிழவரின் பெரிய கைகள் இரண்டும் ஒரு சட்டையை ஏந்தியிருந்தன. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றும் இல்லை. முகத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்து, வெறும் துணி தெரிந்தது.

"சட்டையப் பாருங்க நாகேந்திரம்," என்றார் நானா.

பார்த்தேன். இடது மார்பில் தொடங்கி அடிவரை இறங்கிய கறை. நடுவில் மாங்கொட்டை அளவு வெள்ளை. நாலாவது பொத்தான் கறுப்பு.

நானா விரலால் வர்ணத்தை அழுத்தினார். நன்றாகக் காய்ந்திருந்தது. இந்தச் சட்டையைக் கீறி முடித்தது எப்போது என்று பிறிஜெற்றிடம் கேட்டார். தபசுகாலத்து முதற் கிழமை என்றாள். இப்போது நாலாவது கிழமை. ஒஸ்வால்ட் தன் கொலையை மூன்று கிழமைக்கு முந்தியே பார்த்துக் கீறியிருக்கிறார்.

படத்துக்கு எதிரே ஒரு பழங்கதிரை இருந்தது. சாய்மானத்தில் சட்டை மாட்டிய தடம், கீழே தரையில் துளித்துளியாய்க் காய்ந்த இரத்தம். சட்டையின் தோள் சரியாமல் நிற்க வேண்டுமென்றால் பொத்தானைக் கழுத்துவரை பூட்டத்தான் வேண்டும். பேணியில் இருந்த இரத்தம் எதற்குப் போனது என்பதும் விளங்கிவிட்டது. பாவம் மீரா சாஹிப், தன்னைத் தூக்கில் போடப்போகும் இரத்தத்தைத் தானே கடையிலிருந்து சுமந்துகொண்டு வந்து கொடுத்திருக்கிறார். இதையெல்லாம் யோசித்தபடி நான் நகர்ந்தபோது காலுக்குக் கீழே ஏதோ கறுப்புக் கறுப்பாய் உருண்டது. எலிப் புழுக்கை என்று உதறினேன். நானா குனிந்து ஒன்றை எடுத்து நசித்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முகத்தைச் சுரண்டியது யார் என்று கேட்டார். ஒஸ்வால்டே, திங்கட்கிழமை இரவு என்றாள் பிறிஜெற். சந்தையில் நடந்ததற்குப் பயந்து மட்டும் அல்லவாம். அந்த முகம் முதலிலிருந்தே அவருக்குப் பிடிக்கவில்லையாம்.

"மகன் செத்திட்டான் எண்டு நம்பி அழுங்கோ எண்டு இவர் கேப்பார். யாகூப் நபிக்கு அது பொய் எண்டு தெரியும் தம்பி, பிறகென்னெண்டு நான் நம்புறது எண்டு மீரா நானா சொல்லுவார். நாள் முழுக்க ரெண்டு பேருக்கும் இதே வாக்குவாதம்," என்றாள். "நம்பின முகம் ஒண்டு வேணும், நம்பின முகம் ஒண்டு வேணும் எண்டு ரெண்டு நாளாய் அறைக்குள்ள நடந்துகொண்டு திரிஞ்சார்."

சொல்லிவிட்டு அவள் யன்னலடிக்குப் போய் நின்றுகொண்டாள்.

வீதிக்கு வந்ததும் நான் என் முடிவைச் சொன்னேன். சட்டை அந்த அறைக்குள் கதிரையில் இருந்தது. எடுத்து வாசலில் வைக்கக் கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார், மற்றவள் கறுப்பு உடுக்கவில்லை. புருஷனைத் தொலைத்துக்கட்டிவிட்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறாள் என்றேன். நானா என்னைப் பார்க்கவே இல்லை. வாசற்படியில் ஏறி, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"கடிதத்தப் போடுறது வாசிக்கிறதுக்கு. இந்தச் சட்டையப் போட்டது எடுக்கிறவங்கட முகத்தப் பாக்கிறதுக்கு," என்றார். "காலப் பூசைக்குப் போக அவங்க கதவத் தொறக்கிற நேரம். சட்டையத் தூக்கக்குள்ள முகம் தெருப் பக்கம். எங்க நிண்டா அந்த முகம் நல்லாத் தெரியும்?"

நான் நிமிர்ந்தேன். நேர் எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. அதற்கு மேலே ஒரே ஒரு அறை, ஒரே ஒரு யன்னல். பலகை கால்வாசி திறந்திருந்தது. ஏணிப்படி வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது.

வேப்பிலையைக் கண்டதும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னுக்குப் போனேன். அம்மாள் வந்திருக்கும் வீட்டுக்குள் சும்மா ஏறலாமா? கடைக்காரி பாக்கியலெட்சுமி கண்டிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று கிழமைதான் ஆகிறதாம், தெருவில் ஒருவரையும் சரியாகப் பழக்கமில்லை. போன புதன் பின்னேரம் தலையோடு போர்வை மூடிக்கொண்டு ஒரு ஆள் வந்ததாகவும், தன் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் என்று சொன்னதாகவும், வந்த இடத்தில் கொப்புளிப்பான் போட்டுவிட்டதால் முகம் காட்ட மாட்டேன் என்றதாகவும் சொன்னாள். சாப்பாட்டை ஏணிப்படியில் வைத்துவிட்டு அவள் இறங்கிவிடுவாள்.

"என்ன சாப்பிடுறார்?" என்று கேட்டேன். பசியில் கேட்ட கேள்விதான், பெருமைக்காகச் சொல்லவில்லை.

"அதத்தான் யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியலீங்க," என்றாள். "கஞ்சி வச்சா திரும்பி வருது. எளநி வேணாங்கிறாரு. தெனமும் ஒரு றாத்தல் பாணு. அதுலயும் தோல மட்டும் தின்னுட்டு உள்ளுக்குள்ளத உருட்டி உருட்டிக் கீழ போடுறாரு. கறுப்புக் கறுப்பா கெடக்கு. சூனியமோன்னு பயமா இருக்குங்க."

அம்மாள் வந்த உடம்புக்குப் பேக்கரிப் பாணா? எங்கள் ஊரில் அந்த வீட்டுப் பக்கம் அடுப்பில் தாளிக்கவே மாட்டார்கள். வேப்பிலை கட்டத் தெரிந்தவனுக்கு விரதம் தெரியவில்லை. எங்கள் சனத்தை வெளியிலிருந்து பார்த்தே பழகியவன் விட்ட பிழை இது. நான் நிமிர்ந்து, நானா, மேலே இருப்பவனுக்கு அம்மாளும் இல்லை, அவன் சைவக்காரனும் இல்லை என்றேன். நானா பையிலிருந்து அந்த எலிப் புழுக்கையை எடுத்து, பாக்கியலெட்சுமி கூட்டி வைத்திருந்த உருண்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு தாய்ப் பிள்ளைகள். கரியால் கீறினதை அழிக்கப் படக்காரர்கள் பாணின் மெத்தென்ற உட்பகுதியைத்தான் உருட்டிப் பிடிப்பார்களாம்.

இருவரும் ஏறினோம். கதவு பூட்டியிருக்கவில்லை. வேப்பிலையைத் தாண்டி யார் வரப்போகிறார்கள் என்ற நம்பிக்கை.

உயிரோடு, யன்னலடியில், மடியில் பலகையோடு ஒஸ்வால்ட் இருந்தார். ஐந்து நாள் தாடி. எங்களைக் கண்டு அவர் திடுக்கிடவில்லை. ஒரு வேலையின் நடுவில் தொந்தரவு செய்துவிட்ட ஆட்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் சுவரைப் பார்த்தேன். நாலு சுவரிலும் கடதாசிகள். பிறிஜெற் கதவைத் திறக்கிறாள். குனிகிறாள். சட்டையைத் தூக்குகிறாள். பிறகு முகம், முகம், முகம். வாய் திறந்தபடி, கண் மூடியபடி, கதவு நிலையில் நெற்றியை முட்டியபடி. அடுத்த சுவரில் விலங்கு போட்ட மீரா சாஹிப், இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில், உதட்டில் ஏதோ ஓதிக்கொண்டு. அவருக்குப் பின்னால் முக்காடு விழுந்தது தெரியாமல் தெருவில் ஓடிவரும் லுத்பியா.

எல்லாவற்றையும் இந்த யன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டே கீறியிருக்கிறார்.

"ரெண்டு நாள் தாங்கோ," என்றார் ஒஸ்வால்ட். "முகம் வந்திட்டுது. படத்தை முடிச்சிட்டு நானே பொலிசுக்குப் போயிருப்பன். பிரேதம் இல்லாமல் அந்தக் கிழவரை ஒண்டும் செய்யமாட்டாங்கள்."

நாளைக்குக் கோர்ட் என்று நானா சொன்னார்.

"தெரியும். ஆனால் இதை ஒருக்காப் பாருங்கோ. நாடு முழுக்கச் சனம் கஷ்டப்படுது. அதை உள்ளபடி ஒருத்தன் கீறவேண்டாமோ? நடிக்கச் சொன்னால் ஒருத்தருக்கும் அந்த முகம் வராது."

நான் சத்தியம் செய்தது அந்தக் கைக்காகத்தான். ஆகாரைக் கீறி என்னை அழவைத்த கை. இப்போது அந்த ஆகாரையும் நம்ப முடியவில்லை எனக்கு. எந்தக் கியூவில், எந்தத் தாய்க்கு எதிரே நின்று, கொஞ்சம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இதைக் கீறினார் என்று தோன்றியது. என் வீட்டுச் சுவரையும் என் பெண்சாதியையும் திருப்பிப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்," என்றேன். "நான் அதைப் பழமொழி எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்."

பின்னால் ஏணிப்படி கிறீச்சிட்டது. பிறிஜெற். நாங்கள் தெருவைக் கடந்ததை யன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். உள்ளே வந்து, புருஷனைப் பார்க்காமல், முதலில் சுவரைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்து நாளாகத் தன்னை யாரோ உரித்துச் சுவரில் ஆணியடித்து வைத்திருந்ததைப் பார்க்கிற ஆளின் முகம் எப்படியிருக்கும் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் ஒஸ்வால்டுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

"நாலாவது பொத்தான் நான் தைச்சது," என்றாள். "வெள்ளைப் பொத்தான் இல்லாமல் என்ர கறுப்புச் சட்டையில இருந்து வெட்டித் தைச்சனான். வாசலில தூக்கினவுடன தெரியும் எனக்கு. அது கதிரையில கிடந்த சட்டை. வைச்சது நீங்கள்."

ஒஸ்வால்ட் மடியிலிருந்த பலகையைக் கீழே வைத்தார்.

"இன்ஸ்பெக்டருக்குச் சொன்னனான், அவர் சாகேல்ல எண்டு. புருஷன் போன பொம்பிளை சொல்லுறதை ஆர் கேக்கிறது? ஏனெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. என்ர புருஷன் எனக்கு இப்பிடிச் செய்தவர் எண்டு எந்த வாயால சொல்லுறது?" அவள் ஒரு கடதாசியில் தன் முகத்தைத் தொட்டாள். "நம்பின முகம் எண்டுதானே இவ்வளவும் கீறினனீங்கள். இது செத்தவருக்கு அழுத முகமில்லை. உயிரோட இருக்கிறவருக்கு அழுத முகம்."

ஒஸ்வால்ட் சுவரில் இருந்த படங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, தலையைச் சரித்து. அவருடைய வலது கை பலகைக்குப் பக்கத்தில் கரித்துண்டைத் தேடியது.

நான் அந்தக் கரித்துண்டை எடுத்து யன்னலால் எறிந்தேன். தடயப் பொருளை எறிவது துப்பறியும் தொழிலுக்கு அழகல்ல.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒஸ்வால்டைப் பார்த்துவிட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு திரும்பவும் ஒஸ்வால்டைப் பார்த்தார். சட்டம் சட்டம்தான். செத்ததாக எழுதிய ஆள் இவர்தான் என்று பெண்சாதி வந்து கையெழுத்து வைத்தால்தான் மீரா சாஹிப்பை விடலாம் என்றார். பிறிஜெற் எங்களோடு வரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். லுத்பியாவும் வந்து சேர்ந்து, மர வாங்கின் நுனியில் இருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறிஜெற் வராவிட்டால் என்ற பயம் எனக்கும் வந்தது.

பிறிஜெற் வந்தாள். தலைமுதல் கால்வரை கறுப்பு. கறுப்புச் சட்டை, கறுப்புச் சேலை, தலையில் கறுப்பு முக்காட்டுத் துணி. சட்டையில் ஒரு பொத்தான் இருந்த இடத்தில் ஊசி குத்தியிருந்தது. நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் எழும்பினார்கள்.

இந்த ஆளைத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஓம். இவர் என்ர புருஷனாய் இருந்தவர்," என்றாள்.

புத்தகத்தில் கையெழுத்து வைத்தாள். சாய்ந்த எழுத்து. நானா தன் பையிலிருந்த துண்டுக் கடதாசியை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி மடித்து வைத்துக்கொண்டார். அவள்தான் லுத்பியாவை எங்களிடம் அனுப்பியவள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தன் வாயால் சொல்ல முடியாததை வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று இருந்திருக்கிறாள்.

மீரா சாஹிப்பைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெரிய மனிதர், பெரிய கைகள். விலங்கு கழன்ற இடத்தைத் தடவிக்கொண்டே வந்தவர், வாங்கில் இருந்த ஒஸ்வால்டைக் கண்டு நின்றார். மகள் வந்து அவர் தோளில் சாய்ந்தாள். ஒஸ்வால்டுக்காக மீரா சாஹிப் மூன்று கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தவர். பின்னேரங்களில் வீட்டிலிருந்து ஆணமும் சோறும் கொண்டுவந்து ஒரே பீங்கானில் இவரோடு சாப்பிட்டவர்.

ஒஸ்வால்ட் எழும்பினார். அவருக்கும் ஏதாவது ஒரு நல்ல காரியம் சொல்ல வேண்டியிருந்தது போலும்.

"மீரா நானா, நான் சொன்ன சொல் காப்பாத்தினனான். முகத்தை அழிச்சிட்டன்," என்றார்.

மீரா சாஹிப் தன் கைகளைத் திருப்பி ஒருமுறை பார்த்தார்.

"கையையும் அழிச்சிருங்க தம்பி," என்றார்.

பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். பிறிஜெற் அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, நடந்துபோனாள்.